இரண்டு மணிக்கு பெர்மிஷன்

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பெட்டியில் ஏதாவது ஓர் ஓரத்தில் சின்னத் தகடு இருக்கும். ஐ.சி.எஃப்., சென்னை. வண்டியில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒருவரும் அதைப் படிப்பதில்லை. வண்டி நேரத்துக்குப் போனால் போதும் என்ற கவலையில் இருப்பவருக்குத் தகடு எதற்கு? ஆனால் வடசென்னையில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்றெழுத்தைப் படித்ததும் ரயில் பெட்டிக்கு முன்னால் ஜெர்சிதான் நினைவுக்கு வரும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. வாரநாள் வெயிலில், நூறு பேர் பார்க்க, அது லீக் ஆடும்.

இந்த ரயில் பாதையே ஒரு தொழிற்சாலைப் பட்டியல்தான். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டு, தண்டையார்பேட்டையில் எண்ணெய்த் தொட்டிகள். அடுத்து விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ஸ்டேஷனுக்கு ஒட்டி, அங்கிருந்து இப்போது மெட்ரோவுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்ணூரில் 1948இல் பிறந்த அசோக் லேலண்ட். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி 45 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் கும்மிடிப்பூண்டி, அங்கே சிப்காட். வண்டி புறப்பட்ட முனையில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம். பாதையின் ஒரு முனையில் பந்து, மறுமுனையில் கம்பெனிகள். நடுவில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரப் பயணம்.

ஆனாலும் பந்து இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. சிப்காட் கம்பெனி எதனுடைய பெயரையும் மார்பில் போட்டுக்கொண்டு ஓர் அணி லீகில் இறங்கி நான் பார்த்ததில்லை. பையன்களுக்கு ஆடத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிப்காட் பக்கம் ஒரு நடை போனால் தெரியும், ஆட்டம் எங்கும் நடக்கிறது. வரவில்லை என்பதற்குக் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு லீகின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள்

கால்பந்து லீக் என்ற ஏற்பாடு ஆலைச் சங்கின் பிள்ளை. 1850இல் பிரிட்டன் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் போன பிறகு ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆலையை ஓட்ட வழியில்லை. எல்லோரையும் விட்டார்கள். சனிக்கிழமை மதியம் என்ற ஒரு புதுப்பொருள் தொழிலாளி கைக்கு வந்தது. இங்கிலாந்தில் இன்றைக்கும் சனிக்கிழமை 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கத்தின் வேர் அங்கேதான்.

பக்கத்து வேல்ஸில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். 1876இல் ரெக்ஸம் ஊரில் ஒரு ஓட்டலில் கூடிப் பேசி வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உலகத்திலேயே மூன்றாவது பழைய சங்கம் அது. தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஊருக்கு ஒரு சுரங்கம், சுரங்கத்துக்கு ஒரு டீம். 1904இல் ரிம்னி பள்ளத்தாக்கு லீக் என்று ஆரம்பித்து, 1912இல் வெல்ஷ் கால்பந்து லீக் என்று பெயர் மாறி, சுரங்கத் தொழிலாளியும் எஃகுத் தொழிலாளியும் சம்பளமில்லாமல் ஆடிய லீக் அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் டீம்கள் கொஞ்ச காலம் ஓடின. ஆலமரம் விழுந்த பிறகும் விழுது நிற்பதைப் போல. கடைசியில் அடுக்குகளையே மாற்றியமைத்தபோது, 2020இல் அந்த லீக் முடிந்துபோனது. நம் ஊர்க் கம்பெனி ஒன்றுக்கும் அந்த நாட்டின் தொழில் கதையில் பங்கு உண்டு. போர்ட் டால்பட் எஃகாலையை வைத்திருப்பது டாடா ஸ்டீல். அங்கே கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30 அன்று அணைத்தார்கள்.

மெட்ராஸுக்கு வருவோம். பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலைகளில் அரை நாள் விடுமுறை என்ற பேச்சுக்கு வெகு காலம் முன்பே சோற்றுப் பிரச்சினை வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது தொழிலாளிகளின் முதல் புகார்களில் ஒன்று. அங்கிருந்து கிளம்பியதுதான் 1918 ஏப்ரல் 27இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம். சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பெரம்பூரில் பேசிய பேச்சில் கால்பந்து இருந்திருக்காது. ஆனால் அவர்கள் கேட்டது நேரம். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது கேட்டதும் நேரம்தான். 1934இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம் என்று கட்டியது. அதே 1934இல்தான் மெட்ராஸ் கால்பந்துச் சங்கமும் பிறந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பிறக்கவில்லை, தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அந்த ஆண்டு பிடித்திருக்கிறது.

கல்கத்தா நம்மைவிட ரொம்ப முந்தியது. அங்கே 1898லேயே லீக். பம்பாயில் 1902இல் ஹார்வுட் லீக். அங்கெல்லாம் பட்டாளத்து வெள்ளைக்காரன் டீமை ஊர்க்காரன் டீம் ஜெயிப்பதுதான் கதையின் உச்சம். 1911இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஷீல்டு வாங்கியதைப் பாடப் புத்தகம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மெட்ராஸ் லீகுக்கு அப்படி ஒரு உச்சக் காட்சி கிடையாது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மாதிரி பாதி ஊரை ஒரு பக்கம் நிறுத்தும் கிளப்பும் இல்லை. இங்கே இருந்தது ஆபீஸ்.

ஆபீஸ் பெயரில் ஓர் ஆட்டம்

சென்னை சீனியர் டிவிஷனில் ஆடிய, ஆடும் பெயர்களைப் படித்தால் அரசு டைரக்டரியைப் புரட்டுவது போலிருக்கும். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கத்துறை, கணக்காயர் அலுவலகம், தமிழ்நாடு போலீஸ். ‘இன்று வருமான வரிக்கும் சுங்கத்துக்கும் மேட்ச்’ என்று வெளியூர்க்காரரிடம் சொன்னால் ஏதோ வழக்கு என்று நினைத்துக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஸ்போர்ட்ஸ் கோட்டா. பையன் மாநில அளவில் ஆடியிருக்கிறான், கையில் சான்றிதழ் இருக்கிறது. ட்ரையல்ஸுக்குக் கூப்பிடுவார்கள். தேறினால் கிளார்க்கோ, டிக்கெட் பரிசோதகரோ, கலாசியோ, அவன் படிப்புக்கு ஏற்ற நாற்காலி. காலையில் போய்க் கையெழுத்து. மதியத்துக்கு மேல் பயிற்சி, லீக் நாளில் ஆட்டம். வெளியூர்ப் போட்டி என்றால் சிறப்பு விடுப்பு. பெரும்பாலான மைதானங்களில் விளக்கு கிடையாது என்பதால் ஆட்டத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும். அதாவது ஊரே வேலை பார்க்கும் நேரத்தில் ஆட்டம். ஆகவே மெட்ராஸ் லீக் நின்றது ஒரே ஒரு விஷயத்தின் மேல்: மதியம் இரண்டு மணிக்கு ஒரு மேலதிகாரி பெர்மிஷன் கொடுக்க வேண்டும்.

சட்டப்படி இவர்கள் எல்லோரும் அமெச்சூர்கள். பந்தை உதைப்பதற்குச் சம்பளம் வாங்கவில்லை, பைல் பார்ப்பதற்கு வாங்கினார்கள். வேல்ஸ் சுரங்கத்துக்காரன் எட்டு மணி நேரம் நிலத்துக்கடியில் கிடந்து வந்து ஆடிய அமெச்சூர். நம்மவர் ஃபேனுக்கடியில் இருந்து வந்து ஆடிய அமெச்சூர். இதில் யாருக்கு வசதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐ.சி.எஃப். இந்த ஆபீஸ் யுகத்தின் சரியான குழந்தை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை. சுவிஸ் தொழில்நுட்பம், பெரம்பூர் உழைப்பு. குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் என்று ஓர் ஊரையே கட்டினார்கள். அந்த மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த அயனாவரம், பெரம்பூர், வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால்பந்து என்றால் வேலை, வேலை என்றால் குவார்ட்டர்ஸ் என்று பாடம் பதிந்தது. ‘பந்து ஆடிக் கெட்டுப்போகாதே’ என்று மகனை அடிக்கும் அப்பாக்கள் தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. இந்த ஏரியாக்களில் மட்டும் ‘ஒழுங்கா பிராக்டிஸுக்குப் போனா ரயில்வேல போயிடலாம்’ என்று சொல்லும் அப்பாக்கள் இருந்தார்கள்.

ரயில்வேக்கும் வங்கிக்கும் முன்னால் பட்டாளம் இருந்தது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டீம் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. அதன் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடி, 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ஆடினார். பிறகு கேரளத்துக்குப் பயிற்சியாளராகப் போய், 1973இல் அவர்களுக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு அந்தக் கோப்பையை இன்னும் தொட்டதில்லை. 2012இல் கட்டாக் நகரில் இறுதியாட்டம் வரை போய், சர்வீசஸிடம் 3-2 என்று விட்டது.

இந்தியன் வங்கி டீம் தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. இந்தியாவுக்கு ஆடிய சபீர் பாஷா அந்த வங்கியின் ஆட்டக்காரர். பின்னாளில் சென்னையின் எஃப்.சி.யில் பயிற்சியாளர் குழுவுக்குப் போனார். டெபாசிட் வாங்கும் ஒரு வங்கி, நாட்டின் முதல் டிவிஷனில் கிளப்புகளோடு மோதியது என்பது இன்றைக்குக் கேட்க விசித்திரமாக இருக்கும். அன்றைக்கு யாருக்கும் அது விசித்திரமில்லை.

மூட்டை தூக்கும் செயலாளர்

சீனியர் டிவிஷன் மட்டும் லீக் ஆகிவிடாது. அதற்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். அங்கே ஆபீஸ்கள் குறைந்து, தெருக்கள் வரும். ஏதோ ஒரு இளைஞர் மன்றம், ஒரு நண்பர்கள் குழு, தலைவர் பெயரில் ஒரு கிளப். நுழைவுக் கட்டணத்துக்கு ஏரியாவில் வசூல். ஜெர்சிக்கு ஒரு லோக்கல் புரவலர், பெரும்பாலும் கேபிள் டிவிக்காரர் அல்லது கவுன்சிலர் ஆசை உள்ளவர். பந்து, ஐஸ், முதலுதவிப் பெட்டி, பதினாறு ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டூவீலரில் மாட்டிக்கொண்டு வருபவர்தான் கிளப் செயலாளர். இருபது வருஷம் ஒருவரே செயலாளர். அவருக்கு ஓய்வு கொடுக்கப் போட்டி போட யாரும் வருவதில்லை.

இப்போது பதிவெல்லாம் ஆன்லைன். வீரரின் பிறந்த தேதி, முந்தைய கிளப், டிரான்ஸ்ஃபர் எல்லாம் டெல்லியில் ஒரு சர்வரில் இருக்கிறது. ஒரு பெயரில் இரண்டு பேர் ஆடிய பொற்காலம் போய்விட்டது. ஆனால் மைதானத்தில் நடப்பது மாறவில்லை. பிற்பகல் ஆட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்திருப்பார்கள். பத்தாமவன் டெலிவரி வேலைக்குப் போயிருப்பான், ஆர்டரை முடித்துவிட்டு அதே டிஷர்ட்டோடு வந்து இறங்குவான். பதினோராவது ஆள் வரும் வரைக்கும் ரெஃப்ரியிடம் செயலாளர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் இந்தக் கலையில் தேர்ந்தவர்.

மைதானம் இன்னொரு கதை. இன்றைய நேரு ஸ்டேடியம் நிற்கும் இடத்தில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக 413 ரன் சேர்த்த ஆடுகளம் அதுதான் என்பதைக் கிரிக்கெட்காரர்கள் மறக்க விடமாட்டார்கள். கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போன பிறகு அது கால்பந்தின் வீடாகிவிட்டது. 1993இல் புதிதாகக் கட்டி, நேரு கோப்பை நடத்தினார்கள். 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. பெரிய வாடகைதாரர் வந்தால் சின்னக் குடித்தனக்காரர் பின்கட்டுக்குப் போக வேண்டியதுதானே? லீக் ஆட்டங்கள் நேரு பார்க், ஐ.சி.எஃப். என்று கிடைத்த இடத்தில் நடந்தன.

நாற்காலி காலியானபோது

ஆபீஸ் டீம்களைக் கொண்டாடிக்கொண்டே போவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலை கிடைத்த மறுநாளே பசி தீர்ந்துபோன ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். இருபத்திரண்டில் வேலைக்குச் சேர்ந்தவர் அறுபதில் ஓய்வு பெறுவார், கால்களோ முப்பத்தைந்தில் ஓய்வு கேட்கும். புதிதாக ஆள் எடுக்காத ஆபீஸ் டீமில் தொப்பையோடு ஸ்டாப்பர் நிற்பது சகஜக் காட்சியாகிவிட்டது. மெட்ராஸ் லீக் நல்ல ஊழியர்களைத் தயாரித்த அளவுக்கு நல்ல ஆட்டக்காரர்களைத் தயாரித்ததா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். கிளப்பும் ரசிகர் கூட்டமும் வளராமல் போனதற்கு, ஆபீஸ்களே எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம். கணக்காயர் அலுவலகத்துக்காக யார் தெருவில் இறங்கிக் கத்துவார்கள்?

1991க்குப் பிறகு வங்கிகளும் பொதுத்துறைகளும் ஆள் எடுப்பதையே குறைத்தன. அதில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் சேர்ந்து சுருங்கியது. இன்னொரு பக்கம் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப் உரிமம் என்று விதி கொண்டுவந்தது: மைதானம், இளையோர் அணி, தனிக் கணக்கு, தனிக் கம்பெனி. ஆபீசின் பொழுதுபோக்கு மன்றம் எப்படி இதையெல்லாம் காட்டும்? 2013இல் ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. ஆகிய இரண்டும் ஐ-லீகிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஆபீஸ் ஜெர்சி நாட்டின் மேல்மாடிக்கு ஏறும் பாதை அத்தோடு அடைந்தது.

நடுவில் ஒரு மின்னல் அடித்தது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கி, சென்னை லீகில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கிளப், சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர் மாற்றிக்கொண்டு ஐ-லீகுக்குப் போனது. வீட்டு மைதானம் கோயம்புத்தூர். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சி கொடுத்தார், உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி கோல் அடித்துத் தள்ளினார். 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் கிளப்பே ஐ-லீகில் இல்லாமல் போனது. ஏறிய வேகம், இறங்கிய வேகம் இரண்டையும் பார்த்தால், சம்பளக் கால்பந்து ஆபீஸ் நாற்காலியைவிட உறுதியானது என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள்.

நினைவுக் கோப்பைகள்

லீக் தளர்ந்தாலும் வடசென்னையில் ஆட்டம் தளரவில்லை. வியாசர்பாடியை மினி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதி எழுதித் தேய்த்துவிட்டன. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. ரியோவின் புறநகரைக் கடன் வாங்கித்தான் புளியந்தோப்பையும் வியாசர்பாடியையும் புரிந்துகொள்ள வேண்டுமா? அங்கே இருப்பது முழுக்க முழுக்க நம்ம ஊர்ச் சங்கதி. ஆலையிலும் ரயிலிலும் துறைமுகத்திலும் உழைத்த குடும்பங்கள், நெருக்கமான வீடுகள், நடுவில் தப்பிப் பிழைத்த ஒரு பொட்டல். அந்தப் பொட்டலில் செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்.

செவன்ஸ் ஆட்டத்துக்குப் பெர்மிஷன் வேண்டாம். ராத்திரியில் லைட் கட்டி ஆடலாம். இரண்டு நாளில் நாக் அவுட் முடிந்துவிடும். கோப்பையோடு ரொக்கப் பரிசு. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு, கோயில் திருவிழாவுக்கு, பெரும்பாலும் யாராவது ஒருவர் நினைவாக. விபத்திலோ சண்டையிலோ நோயிலோ சின்ன வயதில் போன நண்பனின் படம் போட்ட பேனருக்குக் கீழே டாஸ் போடுவார்கள். ஓர் ஏரியாவின் நினைவுக் கோப்பைகளை வரிசையாக அடுக்கினால் அந்த ஏரியாவின் துக்கக் கணக்கு கிடைத்துவிடும். 2019இல் வந்த ‘ஜடா’ படம் இந்த உலகத்தின் முரட்டுப் பக்கத்தைக் காட்டியது. அதே வருஷம் வந்த ‘பிகில்’ இங்கிருந்தே ஒரு பெண்கள் அணியைக் கிளப்பியது. நிஜத்தில் பெண்கள் சினிமாவுக்கு முன்னாலேயே சாதித்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனார்கள். அந்த அணியின் கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். சந்தோஷ் கோப்பை ஆண்களுக்குக் கிடைக்காவிட்டாலும், விளையாட்டுக்கு வேலை என்ற பழைய வாசல் பெண்களுக்கு இப்போதுதான் திறக்கிறது.

வியாசர்பாடியின் தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடி, 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தலையால் கோல் போட்டார். நந்தகுமார் சேகர் சென்னை லீகில் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணியில் தொடங்கி, சென்னை சிட்டி வழியாக மேலே போனவர். 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோல் அவருடையது. நாலரை வருஷமாக டெர்பி ஜெயிக்காத பாதி கொல்கத்தா அன்று இரவு ஒரு சென்னைப் பையன் பெயரைச் சொல்லிக்கொண்டு தூங்கப் போனது. படிக்கட்டின் கீழ்ப்படிகள் இன்னும் உடைந்துவிடவில்லை என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

எல்லைக்கு அப்பால்

இப்போது கும்மிடிப்பூண்டி. இங்கே முதல் சிக்கல் வரைபடத்தில். கால்பந்துச் சங்கங்கள் மாவட்ட வாரியாக இயங்குகின்றன. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனபோது திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் எல்லாம் இதற்குள் இருந்தன. 2011இல் அவை மாநகராட்சிக்குள் போயின. 2018இல் அந்த வட்டங்களே சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. எண்ணூர் பாதையில் ஆட்டத்துக்குப் பேர்போன பகுதி சென்னைக் கணக்கில் சேர, திருவள்ளூருக்கு ஆவடியும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருத்தணி என்று பரந்த நிலமும் மிஞ்சின. ஆவடியில் 1961 முதல் டாங்கித் தொழிற்சாலை, பக்கத்தில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை. மைதானமும் குடியிருப்பும் உள்ள பழைய பாணி ஊர் அது. கும்மிடிப்பூண்டி அந்தப் பாணியில் கட்டப்பட்டதல்ல.

சிப்காட்டில் ஷெட் உண்டு, உலை உண்டு, லாரி நிறுத்த இடம் உண்டு. குவார்ட்டர்ஸ் அபூர்வம். எஃகு உருட்டாலைகளிலும் வார்ப்பாலைகளிலும் உழைப்பவர்களில் பெரும் பகுதி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள். கான்ட்ராக்ட் ஆள். லைன் வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர், அதில் மூன்று பேர் பகலில் தூங்குவார்கள், மூன்று பேர் இரவில். எட்டுக்கு எட்டு ஷிஃப்ட். அவர்களுக்கு மேஸ்திரி உண்டு, சூப்பர்வைசர் உண்டு. இரண்டு மணிக்குப் பெர்மிஷன் கொடுக்கக்கூடிய மேலதிகாரி என்று ஒருவர் கிடையாது. வராத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டால் கான்ட்ராக்டர் பெயரைத்தான் சொல்லத் தெரியும். அப்படி இருக்க, ஜெர்சியில் எந்தப் பெயரை அச்சடிப்பது?

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்கு அன்றோடு சரியாக 100 ஆண்டு. மசோதா போய்விட்டது. கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளில் எட்டுக்கு எட்டு போகவில்லை.

இதே ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. 1990 வாக்கில் படகில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே பந்து ஆடும் வயதில் இருக்கிறார்கள். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் கால்பந்துதான் ஊரின் முதல் ஆட்டம். அந்த ரத்தம் எங்கே போகும்? ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற ஏணியில் முதல் படியே குடியுரிமை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஆடும் பையனுக்கு ரயில்வே வாசல் திறக்காது. பெயின்ட் அடிக்கும் வேலைக்குக் குடியுரிமை கேட்பதில்லை, அதனால் முகாமில் பலர் பெயின்டர்கள்.

சிப்காட் கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுகின்றன, நல்ல காரியம். அதில் ஒரு பங்கை எடுத்து எட்டு கம்பெனி, எட்டு டீம், ஞாயிறு காலை லீக் என்று யாராவது ஆரம்பித்தால், முதல் சீசனிலேயே தமிழும் ஒடியாவும் அசாமியும் கலந்து ‘பாஸ் கொடு’ என்று கத்தும் ஓர் ஆட்டம் கிடைக்கும். வாராவாரம் ஷிஃப்ட் மாறும் ஆளை எப்படி ஒரே டீமில் நிறுத்துவது என்று மனிதவள மேலாளர்கள் கேட்பார்கள். வேல்ஸ் சுரங்கத்திலும் ஷிஃப்ட் இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை சிப்காட் சுவரை ஒட்டிய ஒரு பொட்டலில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் லைன் வீட்டு ஆட்கள், இன்னொரு பக்கம் உள்ளூர்ப் பையன்கள். கோல்போஸ்டுக்கு நான்கு ஹெல்மெட்டுகள், மஞ்சள் கம்பெனி ஹெல்மெட். லைன் வீட்டுப் பக்கம் ஒருவர், வயது முப்பது இருக்கும், இடது காலை மட்டுமே பயன்படுத்தி மூன்று பேரைத் தாண்டினார். வெறுங்கால். எங்கே கற்றீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன், ஊர் பெயர் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது ஏழரை ஆகப் பதினைந்து நிமிடம். ஆட்டம் தானாக நின்றது. இரவு ஷிஃப்ட்டுக்காரர்கள் நான்கு பேர் சட்டையை மாட்டிக்கொண்டு, கோல்போஸ்டாக இருந்த ஹெல்மெட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்கள். மீதிப் பேர் செருப்புகளை வைத்து கோலைக் கொஞ்சம் சின்னதாக்கி, மறுபடியும் ஆரம்பித்தார்கள்.